இரும்பே இல்லாமல் ஒரு துப்பாக்கி

துப்பாக்கி செய்ய ஆசைப்படும் பையன்கள் யூடியூபை நம்பிப் போகக் கூடாது. சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம் இரண்டு இளைஞர்கள் அப்படித்தான் போனார்கள். காணொளி பார்த்து, சாமான் தேடி, அறுத்து, ராவி, பொருத்தி, கடைசியில் 2022 மே மாதம் ஒரு வாகனச் சோதனையில் நாட்டுத் துப்பாக்கிகளோடு மாட்டிக்கொண்டார்கள். வழக்கு தேசியப் புலனாய்வு முகமை வரை போனது. இத்தனை மெனக்கெடல் எதற்கு? கோலாலம்பூரில் பிறந்திருந்தால் ஒரு திருகாணிகூட வாங்கியிருக்க வேண்டாம். இங்கே துப்பாக்கியைப் போலீஸே கூட்டிக் கையில் கொடுத்துவிடும். நீங்கள் தமிழனாக இருந்தால் போதும். கைப்பேசியில் ஒரு படமும் இருந்தால் விசேஷம்.

செய்முறை விளக்கத்தை 2019 அக்டோபரில் நாடே உட்கார்ந்து பார்த்தது. 10ஆம் தேதி ஏழு பேர், 12ஆம் தேதி ஐந்து பேர் என்று பன்னிரண்டு தமிழர்களைப் பிடித்தார்கள். மலாக்கா காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதன், சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரன், ஒரு நிறுவனத் தலைமை நிர்வாகி, ஒரு டாக்சி ஓட்டுநர், ஓர் ஆசிரியர், ஒரு பழைய இரும்பு வியாபாரி. அந்தக் கூட்டத்தில் இரும்போடு சம்பந்தப்பட்டவர் அந்த வியாபாரி ஒருவர்தான். விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆதரவு கொடுத்தார்கள், அதன் சின்னங்களையும் படங்களையும் வைத்திருந்தார்கள் என்பது குற்றம். அந்த இயக்கம் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்துபோனது. மலேசியா அதைப் பயங்கரவாதப் பட்டியலில் ஏற்றியது 2014 நவம்பரில். செத்து ஐந்தரை ஆண்டு கழித்துத் தடை, பத்தாண்டு கழித்துக் கைது. பிணத்தின் மேல் இவ்வளவு உஷாராக இருக்கும் போலீஸ் உலகத்தில் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் அதிகாரிக்காகச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் குழல் வேண்டும். நீளமாக இருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. அதற்கு சொஸ்மாவை மிஞ்சிய பொருள் இல்லை. விசாரணையின்றி அடைக்கும் இசா சட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டோம் என்று மார்தட்டியபடி 2012இல் கொண்டுவந்த சட்டம் அது. 28 நாள் போலீஸ் காவல், நீதிமன்றப் படி ஏற வேண்டாம். வழக்குப் போட்ட பிறகோ பிணை கிடையாது. அடுத்தது தோட்டா. அது சந்தேகப்பட்டவன் சட்டைப் பையிலேயே இருக்கும். கைப்பேசியைப் பிடுங்கினால் போதும். பிரபாகரன் படம் ஒன்று, புலனத்தில் யாரோ எப்போதோ அனுப்பிய கொடி ஒன்று. விசைக்கு ஒரு விழா. முந்திய ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி மலாக்காவில் நடந்த மாவீரர் நாள் நிகழ்ச்சி கச்சிதமாகப் பொருந்தியது. செத்தவர்களுக்கு விளக்கேற்றியதில் எந்த விரல் எந்த விசையை அழுத்தியது என்று கேட்காதீர்கள், அது பாதுகாப்பு ரகசியம். தோளில் பதிக்கும் கட்டை இல்லாமல் சுட முடியாதே என்கிறீர்களா? நம் தலைவர்களின் மௌனம் இருக்கிறது. நல்ல தேக்கு. எவ்வளவு அதிர்ந்தாலும் அசையாது. குறிபார்க்கும் வேலை மட்டும் புதியவருக்குக் கிடையாது. அது கொலோனியல் காலத்திலேயே குறித்து வைத்தாயிற்று.

பன்னிருவர் மேல் சுமத்திய குற்றச்சாட்டில் ஓர் ஆயுதம்கூட இல்லை. தண்டனைச் சட்டத்தின் 130ஜே பிரிவில் 30 ஆண்டு வரை உள்ளே போடலாம். படம் வைத்திருந்தால் 130ஜேபி பிரிவில் ஏழு ஆண்டு வரை. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27. பன்னிரண்டு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

அந்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் நன்றாக வியாபாரம் நடந்த தொழில் படம் அழிப்பது. ஒரு கைப்பேசிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எழுபது வயது அங்கிள் ஒருவர், பேரன் பழக்கிக் கொடுத்த போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, இதுல அந்த ஆளு படம் எங்கேயாச்சும் இருக்கா பாருப்பா. இருந்தா எடுத்துரு" என்றார். பையன் தள்ளித் தள்ளிப் பார்த்தான். முருகர், பேத்தி, முருகர், மீன் குழம்பு, முருகர். ஓரிடத்தில் நிறுத்தினான். "அங்கிள், எம்.ஜி.ஆர் துப்பாக்கியோட நிக்கிறாரு. வச்சிக்கவா?" பெரியவர் ரொம்ப நேரம் யோசித்தார். "சினிமாதானே, வச்சிக்க" என்றார்.

பாவம். எண்பதுகளில் புலிகளுக்குக் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்த மனிதர் அந்த எம்.ஜி.ஆர்தான் என்று அவருக்கும் ஞாபகம் இல்லை, பையனுக்கும் தெரியாது. புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்துக்குத் தெரிந்திருந்தால், அவர் படம் மாட்டிய கிள்ளான் முடிதிருத்தும் கடைகளில் பாதியை மூடியிருப்பார்கள்.

சினிமா என்றதும் நினைவு வருகிறது. 2016இல் கபாலி வந்தபோது ரஜினி கோட்டு போட்டு, இந்தக் கோலாலம்பூரிலேயே ஆளாளாகச் சுட்டுத் தள்ளினார். இங்கே திரையிட்ட பிரதியில் மட்டும் கடைசியில் கபாலி போலீசிடம் சரணடைந்துவிட்டான் என்று எழுத்துப் போட்டார்கள். திரையில் சுட்டவனையே விடாத நாடு இது. அவ்வளவு கண்டிப்பு!

அந்தக் கண்டிப்பு புத்தகத்திலும் உண்டு. சுடும் ஆயுதங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் பிரம்படி. இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் அவன் கடத்தல்காரன் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நல்லது, இருக்கட்டும். இப்போது 2013 அக்டோபரில் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையைத் திறப்போம். 2010 முதல் 2012 வரை அரச மலேசியப் போலீஸ் படை தொலைத்த சாமான்களின் பட்டியல் அதில் இருக்கிறது. துப்பாக்கி 44, கைவிலங்கு 156, வாகனம் 29. மதிப்பு 13 லட்சம் வெள்ளிக்கு மேல். இரண்டுக்கு மேல் வைத்திருப்பவன் கடத்தல்காரன் என்றால் 44ஐத் தொலைத்தவனுக்கு என்ன பேர்? பேர் ஒன்றும் இல்லை. துப்பாக்கிகள் கடலில் விழுந்திருக்கலாம் என்றார் அப்போதைய போலீஸ் படைத் தலைவர் காலிட் அபு பாக்கார்.

கடலிலா, சரி. கைவிலங்கு 156 எங்கே? துப்பாக்கி தப்பி ஓடிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்றாகப் பூட்டி வைத்திருந்தார்களோ என்னவோ, சேர்ந்து மூழ்கிவிட்டன. 29 வாகனங்களும் அவற்றைத் தேடி உள்ளே இறங்கியிருக்கும். கிள்ளான் துறைமுகத்தில் தூண்டில் போடுகிறவர்கள் ஜாக்கிரதையாக இழுக்கவும்.

போலீஸ் பிஸ்டலாவது சட்டைக்குள் அடங்குகிற சாமான். கோலாலம்பூர் நடுவில் சுங்கை பீசி விமானப் படைத் தளத்தில் எஃப்-5 போர் விமானத்தின் இரண்டு ஜெட் இயந்திரங்கள் காணாமல் போயின. கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாத சாமான். 2007இல் போனது, 2008இல்தான் தெரிந்தது, பொதுமக்களுக்குத் தெரிந்தது 2009 டிசம்பரில். கடைசியில் தேடிப் பிடித்த இடம் தென்னமெரிக்காவின் உருகுவே. தற்காப்பு அமைச்சின் கேட்டைத் தாண்டி, சுங்கத்தைத் தாண்டி, பெருங்கடலைத் தாண்டி ஜெட் இயந்திரம் போகலாம். தாப்பாவிலிருந்து ஒருவன் புலனத்தில் ஒரு படம் அனுப்பினால் மட்டும் அது பிரிக்பீல்ட்ஸ் வருவதற்குள் மணி அடித்துவிடும்.

உள்ளே வருவதும் அப்படித்தான். 2024 மார்ச் 12ஆம் தேதி பிரெஞ்சுக் கடப்பிதழ் காட்டி ஓர் இஸ்ரேலியர் கே.எல்.ஐ.ஏ விமான நிலையம் வழியாக நுழைந்தார். இரண்டு வாரம் ஹோட்டல் ஹோட்டலாக மாறினார். ஜாலான் அம்பாங் ஹோட்டல் அறையில் பிடித்தபோது அவரிடம் ஆறு கைத்துப்பாக்கி, 200 தோட்டா இருந்ததாகப் போலீஸ் சொன்னது. பிடித்த போலீசுக்கு ஒரு சலாம், அதை மறுக்கவில்லை. ஆறு துப்பாக்கியை இந்த ஊரில் இரண்டே வாரத்தில் திரட்ட முடிகிற அளவுக்கு அவை எங்கே கொட்டிக் கிடந்தன என்பதுதான் கேள்வி. அந்தப் பரபரப்பு அடங்கும் முன்பே ஏப்ரல் 14ஆம் தேதி நள்ளிரவு தாண்டி கே.எல்.ஐ.ஏ வருகைக் கூடத்திலேயே ஒருவன் சுட்டான். நிஜத் துப்பாக்கி, நிஜத் தோட்டா, நாட்டின் தலைவாசலில். ஆக, இரும்புத் துப்பாக்கிக்கு இந்த நாட்டில் வழி எப்போதும் திறந்துதான் இருக்கிறது. காகிதத் துப்பாக்கிக்குத்தான் காவல்.

காகிதத்தில் துப்பாக்கி கூட்டும் இந்தக் கலை வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. தஞ்சை மண்ணில் பிறந்து இங்கே தோட்டப் பாட்டாளிகளைத் திரட்டிய எஸ்.ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடித்தார்கள். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்று வழக்கு. அவர் யாரையும் சுட்டார் என்று எவனும் சொல்லவில்லை. வழியில் கிடைத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனார் என்று அவர் தரப்பு சொன்னது. அவசரகாலச் சட்டத்துக்குக் காது கிடையாது. மார்ச் பாதியில் தீர்ப்பு, மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கு. டில்லியிலிருந்து நேரு அரசு கேட்டுக்கொண்டதும் எடுபடவில்லை. முதல் நாள்தான் அவருடைய தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்ததற்கே தூக்கு என்பது, ரப்பர் பாலுக்கு விலை குறைந்துவிடக் கூடாதென்று லண்டனில் கவலைப்பட்டவர்கள் எழுதிய சட்டம். புடு சிறை இருந்த இடத்தில் இப்போது லாலாபோர்ட் பேரங்காடி நிற்கிறது. குளிரூட்டி நன்றாக வேலை செய்கிறது, போய் வாருங்கள். கணபதி பெயரில் ஒரு பலகை தேடிப் பாருங்கள்.

வெள்ளைக்காரன் போனான், பெட்டியை வைத்துவிட்டுப் போனான். 2007 நவம்பர் 25ஆம் தேதி இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணிக்கு ஆயிரமாயிரமாகத் தமிழர்கள் வந்தபோது அந்தப் பெட்டியைத்தான் திறந்தார்கள். கையில் காந்தி படம் வைத்துக்கொண்டு, கண்ணீர்ப் புகையில் தள்ளாடிக்கொண்டு நின்ற கூட்டத்துக்குப் புலிகளோடு தொடர்பு என்றார்கள். பத்துமலையில் பிடித்த 31 பேர் மேல் கொலை முயற்சி வழக்கு! ஒரு போலீஸ்காரருக்கு அடிபட்டதற்கு முப்பத்தொரு பேரும் சேர்ந்து கொல்லப் பார்த்தார்களாம். டிசம்பரில் அந்த வழக்கை அரசே மீட்டுக்கொண்டது. டிசம்பர் 13ஆம் தேதி இண்ட்ராஃபின் ஐந்து தலைவர்களை இசாவில் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. புலிகளோடு தொடர்பு என்றதற்குச் சாட்சி கேட்டு இன்றோடு பதினெட்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதுவும் கடலில் விழுந்திருக்கலாம்.

2013 அக்டோபருக்கு ஒரு நிமிடம் திரும்ப வேண்டும். 44 துப்பாக்கியைத் தொலைத்த கணக்கு வந்த அதே மாதம், உள்துறை அமைச்சர் அகமட் ஸாஹிட் ஹமிடி மலாக்காவில் ஒரு கூட்டத்தில் பேசினார். குண்டர் கும்பல்களில் பெரும்பங்கு இந்தியர்கள் என்று கணக்குச் சொன்னார். இனி எச்சரிக்கை கிடையாது, ஆதாரம் கிடைத்தால் முதலில் சுடுவோம் என்றார். தன் துப்பாக்கி எங்கே கிடக்கிறது என்று தெரியாத துறைக்கு, யாரைச் சுட வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஜெட் இயந்திரம் போன கதை வெளியே வந்தபோது தற்காப்பு அமைச்சராக இருந்தவரும் இவர்தான். இன்று துணைப் பிரதமர். கடலில் விழுகிறவர்களெல்லாம் மூழ்குவதில்லை.

முதலில் சுட்டுவிட்டால் பிறகு காரணம் காட்ட ஒரு பாராங் கத்தி வேண்டுமே. அதற்கும் பஞ்சம் வந்ததில்லை. 2010 ஏப்ரலில் ஷா ஆலமில் அமினுல்ரசிட் என்ற பள்ளிப் பையன், அக்காள் காரை எடுத்துக்கொண்டு இரவில் பந்தாட்டம் பார்க்கப் போய்விட்டுத் திரும்பியவன், போலீஸ் சூட்டில் செத்தான். காரில் பாராங் இருந்தது என்றது போலீஸ். அப்போது சிலாங்கூர் போலீஸ் தலைவர் யார் தெரியுமா? பின்னாளில் கடலைக் கைகாட்டிய அதே காலிட் அபு பாக்கார். சுட்டவருக்குக் கீழ் நீதிமன்றம் கொடுத்த தண்டனை மேலே போனதும் கரைந்துவிட்டது. செத்தவன் மலாய்ப் பிள்ளை. ஆகவே நாடு கொஞ்சமாவது கொதித்தது. 2025 நவம்பர் 24ஆம் தேதி மலாக்கா டூரியான் துங்கலில் மூன்று தமிழ் இளைஞர்கள் விடியற்காலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் பாராங். போலீஸ்காரரை அதனால் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றார்கள். குடும்பத்தாரின் வழக்கறிஞர்கள் ஓர் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து வைத்த பிறகு, சட்டத்துறை அலுவலகம் அதைக் கொலை என்று 302ஆம் பிரிவில் விசாரிக்கச் சொன்னது. ஒலிப்பதிவு இல்லாமல் போயிருந்தால்? இந்நேரம் அந்த மூவரும் கோப்புக்குள் மூன்று பாராங்கோடு படுத்திருப்பார்கள்.

பன்னிருவர் கதையை முடிக்கவில்லை. 2019 நவம்பர் 29ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான், பிணை கிடையாது என்னும் சொஸ்மாவின் 13ஆம் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். 2020 பிப்ரவரி 21ஆம் தேதி சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் எல்லா வழக்கையும் மீட்டுக்கொண்டார். சே குவேரா படம் வைத்திருப்பவனெல்லாம் பயங்கரவாதியா என்ற தோரணையில் விளக்கமும் கொடுத்தார். இவ்வளவு சாதாரண விஷயத்தைக் கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களையெல்லாம் டாக்சிக்காரர் உள்ளே கழித்தார். மூன்றாம் நாள் ஆட்சி கவிழ்ந்தது, தாமஸ் வீட்டுக்குப் போனார். கைது நடந்தபோது உள்துறை அமைச்சராக இருந்த முகிதீன் யாசின் மார்ச் 1ஆம் தேதி பிரதமரானார். துப்பாக்கியைத் தப்பாகக் கூட்டிய எவருக்கும் ஒரு நாள் சம்பளம்கூடப் பிடிக்கப்படவில்லை.

எனக்கு ஆத்திரம் போலீஸ் மேல் மட்டும் இல்லை. சொஸ்மாவின் கொடிய பிரிவுகளை ஒழிப்போம் என்று 2018 தேர்தல் அறிக்கையில் அச்சடித்து ஓட்டு வாங்கியது நம்பிக்கைக் கூட்டணி. வென்ற அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தில் தன் சொந்த சட்டமன்ற உறுப்பினர்கள் இருவரை உள்ளே தள்ளிய பெருமையும் அதற்குத்தான். கூட்டணிக் கட்சியான ஜசெகவின் தலைவர்கள் 1987 லாலாங் நடவடிக்கையில் இசாவைத் தின்றவர்கள். பிரதமர் அன்வார் 1974இல் ஒரு தரம், 1998இல் ஒரு தரம் தின்றவர். சிறைக் கம்பியின் துருவாசனை தெரிந்தவர்கள் இத்தனை பேர் ஆளும் கூட்டணியில் இருக்கிறார்கள். துரு அவர்கள் கையில் பட்டது, நாக்கில் பட்டது, சட்டப் புத்தகத்தில் மட்டும் படவில்லை. திருத்தப் போகிறோம் என்கிறார்கள். திருத்துகிறோம் என்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் மாலை வாங்கி அவர்கள் கழுத்தில் போட்டு அழைத்து வருகிறோமே, நாமும் கேட்டதில்லை.

கேட்க ஒரு தேதி இருக்கிறது. 28 நாள் காவல் என்னும் 4(5) உட்பிரிவு தானாக ஓடுவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் கைதூக்கி உயிர் கொடுக்க வேண்டும். 2022 மார்ச்சில் 84க்கு 86 என்று அது தோற்றது. அதே ஆண்டு ஜூலையில் 111க்கு 88 என்று மறுபடி எழுப்பிவிட்டார்கள். அந்த ஐந்தாண்டு 2027 ஜூலையில் முடிகிறது. கிள்ளானிலோ சுபாங்கிலோ பத்துவிலோ உங்கள் தொகுதி ஒய்.பி. அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கு வந்து பொன்னாடைக்குத் தோளைக் காட்டும்போது, பொன்னாடையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்: 4(5)க்குக் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.